வேரோடு உருவிய கோரை

கனாபோங் ஊர்ப் பெண்களில் தீலாவுக்குப் பாய் முடைகிற கை சுமார்தான். வாய்தான் பெரிது. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். கை என்றால் பிரிஸ்காவின் கை. ஒரே நாளில் பறித்து ஒரே அண்டாவில் சாயம் ஏற்றிய கோரையை இருவரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், பிரிஸ்காவின் பாய் தண்ணீர் ஊற்றினால்கூடக் கீழே இறங்காது என்பதுபோல் நெருக்கமாக வரும். தீலாவின் பாய் ஏதாவது ஒரு மூலையில் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதே பாயைச் சந்தையில் விரித்து, போகிறவர் வருகிறவரை நிறுத்தி, "இதுல படுத்துப் பாருங்க, மாமியார்கூடக் கனவுல சிரிச்சுக்கிட்டு வருவா" என்று தலையில் கட்டிவிடத் தீலாவால்தான் முடியும். பிரிஸ்காவுக்கு விலை சொல்லவே நாக்கு எழாது. சின்ன வயதிலிருந்தே ஒருத்தி முடைய, ஒருத்தி விற்க என்று இருவரும் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். தீலாவின் மகள் மெலீசாவுக்கு ஞானஸ்நானத்தில் பிரிஸ்காதான் ஞானத்தாய்.

கோரை ஊருக்குப் பின்னாலேயே இருந்தது. தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் தொடங்கி, சுண்ணாம்புக் குன்றுகளின் அடி வரைக்கும் சதுப்பு. அது யார் பெயரிலும் கிடையாது. ஆனால் எந்த மூலை எந்த வீட்டுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். பூத்து விதை உதிர்ந்த தண்டைப் பார்த்து, அதை மட்டும் மெதுவாக உருவி எடுப்பார்கள். வேர் சேற்றிலேயே கிடக்கும். மறுமழைக்கு மறுபடி தழைக்கும். உண்ணும் தட்டில் கால் வைக்கக் கூடாது என்பதுபோல, வேரில் கை வைக்கக் கூடாது என்பதும் ஊரில் யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லாத ஒன்று.

பெரும்புயல் வந்தபோது தோப்பு முழுக்கத் தீப்பெட்டியைக் கவிழ்த்ததுபோல் ஆகிவிட்டது. தீலாவின் புருஷன் சேத்தோ கள் இறக்குகிறவன். விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நல்லதாப் போச்சு, இனிமே ஏறவே வேணாம், மரமே இறங்கி வந்துடுச்சு" என்றான். அதைக் கேட்டு ஊரில் சிலர் சிரித்தார்கள். அதன்பிறகு வெகுநாள் அவன் எதுவும் பேசவில்லை. புதுத் தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, நிவாரண அரிசியும் டின் மீனும் தின்றுகொண்டு ஊர் கிடந்தது. சதுப்பில் மட்டும், காற்று சாய்த்துப் போட்ட கோரை சில வாரங்களிலேயே எழுந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் செபு நகரத்திலிருந்து மிஸ் தெரீன் வந்தாள். சின்ன வயசு. கைப்பைகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அவளுடையது. வந்த அன்றைக்கே செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். அட்டை கடித்ததற்கும் கத்தவில்லை. அதிலேயே பெண்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வெளிநாட்டிலெல்லாம் ஜனங்களுக்குப் பிளாஸ்டிக்கைக் கண்டால் வெறுப்பு வந்துவிட்டது, பூமிக்குக் கெடுதல் செய்யாத பொருளைத்தான் தேடுகிறார்கள், உங்கள் கோரை அப்படிப்பட்டது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் நம்பியதைத்தான் சொன்னாள். சேற்றில் நின்றபடி ஒரு கட்டுக் கோரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கிற தீலாவைப் படம் எடுத்துக்கொண்டாள்.

வெயில் நேரத்தில் கோரை மொரமொரவென்று ஒடியும் என்பதால் பெண்கள் குன்றடிக் குகையில் உட்கார்ந்துதான் முடைவார்கள். அங்கே எப்போதும் குளிர்ச்சி. அன்று குகையே அமளிப்பட்டது.

"மனா தீலா, உங்க படத்தப் பார்த்து எவனாச்சும் ஜப்பான்காரன் பொண்ணு கேட்டு வந்துட்டா சேத்தோ அண்ணன் கதி என்ன?" என்றாள் ஒரு சின்னப் பெண். மூத்தவளை அங்கே 'மனா' என்றுதான் அழைப்பார்கள்.

"சேத்தோவையும் பைக்குள்ள போட்டுக் கூடவே அனுப்பிடுவேன். ஆள் இப்ப அவ்வளவு கனமில்லடி."

"பைதானே கேக்குறாங்க, பாய் இல்லையே?" என்றாள் பிரிஸ்கா. கையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டாள்.

"எந்தச் சீமையிலடி இப்போ தரையில படுக்குறாங்க? பை கேட்டா பை குடுப்போம். கோரை ஒண்ணுதானே."

"நிறையக் கேட்டா?"

"கேக்கட்டுமே. வாய் எனக்கு இருக்கு, கை உனக்கு இருக்கு."

தார்ப்பாய் இருந்த இடத்தில் தகரக் கூரைகள் வந்தன. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் திரும்பப் போனார்கள். மெலீசா தாக்லோபான் நகரத்துக் கல்லூரியில் சேர்ந்தாள். பெண்கள் சங்கம் வைத்துத் தீலாவைத் தலைவியாக்கினார்கள். ஊர்த் திருவிழாவில் புனிதரின் சுரூபத்துக்குப் பின்னால், எல்லோரும் கேப்டன் என்று அழைக்கிற ஊர்த் தலைவர் மொய்செஸோடு அவளும் நடந்தாள். சேத்தோகூட மறுபடி வாயைத் திறந்தான். கோரைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வரும்போது, "கள்ளு இறக்குனப்போ குடிச்சுப் பார்க்கவாவது ஒரு வாய் கிடைச்சுது, இதுல என்னத்தக் கடிக்கிறது" என்று முனகுவான். அந்த முனகல் தீலாவுக்குத் தேனாக இருந்தது. ஒரு ஊரே தன் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறியது என்று அவள் நினைத்தாள். நினைத்ததில் தப்பும் இல்லை.

கம்பெனி கேட்ட பைகள் கூடிக்கொண்டே போயின. விதை உதிரும்வரை காத்திருந்தால் கப்பலுக்கு நேரமாகிவிடும் என்று முதலில் பூவோடு உருவினார்கள். பிறகு பூக்காததையும் உருவினார்கள். தண்டு குட்டையாக வந்தபோது, சேற்றுக்குள் கைவிட்டு வேரோடு இழுத்தால் ஒரு சாண் நீளம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். முதலில் செய்தவள் யார் என்று இப்போது கேட்டால் ஊரில் ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைக் காட்டுவாள். தீலா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பகல் முழுக்க அண்டாக்கள் கொதித்தன. மிஞ்சிய சாயத்தண்ணீர் ஓடையில் இறங்கி, சதுப்பின் ஒரு கரை ஊதாவும் பச்சையுமாக மினுங்கியது.

பிரிஸ்கா தன் மூலையில் மட்டும் பழையபடியே செய்துவந்தாள். குன்றடியில், குகைக்கு நேர் கீழே அவள் வீட்டுப் பங்கு. சுற்றிலும் சேறாகிக்கொண்டு வந்தபோது அங்கே மட்டும் ஆள் உயரக் கோரை நின்றது. ஒரு காலை தீலா அவளைத் தேடிப் போனாள்.

"இந்த வாட்டி உன்னோடதையும் எடுத்தாத்தான் கணக்கு வரும் பிரிஸ்கா."

"பூ இருக்கு பாரு."

"கண்ணு எனக்கும் தெரியுது. பூவைப் பார்த்துக்கிட்டு இருந்தா அடுப்பு எரியுமா?"

"உன் அடுப்பு எரியட்டும். இதை விட்டா விதைக்கு வேற இடம் இல்ல தீலா. நீ வேணா சுத்திப் போய்ப் பாரு. எங்கயும் இல்ல."

"நீ ஒருத்திதான் இந்த ஊர்ல யோக்கியமா?"

"நான் யோக்கியம்னு சொன்னேனா? சோம்பேறின்னு வச்சுக்கோ. என்னை விடு."

தீலா சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். சண்டை என்று சொல்ல முடியாது. அன்று சாயங்காலம்கூடப் பிரிஸ்கா அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த மழைக்கு முன்னால் பிரிஸ்காவின் புருஷன் தோமெங்குக்குக் காலும் முகமும் வீங்கிவிட்டன. சிறுநீரகம் என்றார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு பிரிஸ்கா தாக்லோபான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாரங்கள் ஓடின. இங்கே செபுவிலிருந்து போன் மேல் போன். குறித்த தேதிக்குப் பைகள் வராவிட்டால் வாங்குகிறவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்று மிஸ் தெரீன் கிட்டத்தட்ட அழுதாள். சங்கத்துப் பெண்கள் தீலாவின் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பிரிஸ்காவின் பெயரைச் சொல்லவில்லை. "அந்தக் குன்றடியில..." என்று மட்டும் ஒருத்தி இழுத்தாள்.

தீலா எழுந்து தலையில் கட்டியிருந்த துண்டை இறுக்கினாள். "வாங்க" என்றாள்.

நடுப்பகலில், ஊரார் கண்முன்னாலேயே போனார்கள். வரிசையாக நின்று, குனிந்து, சேற்றுக்குள் முழங்கை வரை விட்டு இழுத்தார்கள். வேர் விடும்போது ஒரு சத்தம் வரும், உறிஞ்சுகிற மாதிரி. வழக்கமாக வேலை செய்யும்போது பாட்டும் கேலியும் இருக்கும். அன்று அந்தச் சத்தம் மட்டும்தான் இருந்தது. தீலா எல்லோரையும்விட வேகமாக இழுத்தாள். இழுக்க இழுக்க நினைப்பு அடங்கியது. மூலை வெளுத்து, தண்ணீர் வானத்தைக் காட்டியபோதுதான் நிமிர்ந்தாள். கப்பல் தவறவில்லை.

தோமெங் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான். பெட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து தீலா பிரிஸ்காவின் வீட்டை விட்டு நகரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்தாள், பிஸ்கட் வாங்கிவந்தாள், பன்றி அறுக்க ஆள் பிடித்தாள், மயானத்தில் பிரிஸ்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். இன்றைக்கு வேண்டாம், பாவம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் பிரிஸ்கா சதுப்புக்குப் போய்விட்டு, நேரே தீலாவின் வீட்டுக்கு வந்தாள். கால் முழுக்கச் சேறு. உள்ளே வரவில்லை. மூங்கில் படியிலும் உட்காரவில்லை.

"தோமெங்குக்கு வந்தவங்களுக்குக் காபி கலந்தியே, அப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

தீலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே. அப்பவும் தெரியும்."

"தெரியும் பிரிஸ்கா. கப்பல் போயிடும்னாங்க. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. நான் தனியாப் பண்ணல."

"எல்லாரையும் நான் கேக்கல. எல்லாரும் எனக்கு யாரு?"

"விதை வாங்கிப் போட்டுடலாம். எங்கயாச்சும் கிடைக்கும். நானே போட்டுத் தர்றேன், சத்தியமா..."

"வேரே இல்லடி. கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒண்ணுமே தட்டல."

அதைச் சொல்லும்போது பிரிஸ்காவின் குரலில் கோபம் இல்லை. கெட்ட சேதி சொல்ல வந்தவளைப்போலச் சொன்னாள். பிரிஸ்கா திரும்பிப் போனாள்.

அடுத்த மழையில் கோரை எழவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மயிர் போல முளைத்ததும் பழுத்துச் சாய்ந்தது. ஆகாயத்தாமரை வந்து மூடியது. தீலா மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்களில் அலைந்து வேர்க்கட்டைகள் கொண்டுவந்து, தன் மூலையில் அல்ல, பிரிஸ்காவின் மூலையில் நட்டாள். சாயத்தண்ணீர் தேங்கிய சேற்றில் அவை ஒரு மாதம்கூடப் பிடிக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் அழுகிய வெங்காய நாற்றம். மறுபடி நட்டாள். மறுபடி அழுகியது. மிஸ் தெரீன் ஒருமுறை வந்து பார்த்தாள். கரையிலேயே நின்றுவிட்டாள், இறங்கவில்லை. "நான் இதைக் கேட்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். அதற்குப் பிறகு அவள் கம்பெனி வேறொரு தீவில் தாழை ஓலையில் பை செய்யத் தொடங்கியது.

சதுப்பு வெறுமையானது தெரிந்ததும் இறால்காரர்கள் வந்தார்கள். கடல்நீரை உள்ளே விட்டுக் குளம் கட்டுவது அவர்கள் திட்டம். ஊர்த் தலைவர் மொய்செஸ் கூட்டம் போட்டு, "சும்மா கிடக்குற நெலம்" என்றார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை.

இதே மாதிரி, தீலாவுக்குக் கல்யாணமான புதிதில் சதுப்பைத் தோண்ட ஒரு மண்தோண்டும் இயந்திரம் வந்ததுண்டு. அன்று ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் புதுப் பாய்களைக் கொண்டுபோய் அதன் முன்னால் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுநருக்குப் பசி வந்து, அவர்களோடேயே உட்கார்ந்து கருவாடும் சோறும் தின்றுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அந்தப் பாய்களுக்குக் கோரை வேண்டும், கோரைக்குச் சதுப்பு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இந்தமுறை இயந்திரம் வருகிற அன்று தீலா பிரிஸ்காவின் வீட்டுக்குப் போனாள். அந்தப் படியை மிதித்து வெகுநாளாகியிருந்தது.

"வா, நாம ரெண்டு பேராவது போய் உக்காரலாம். நம்மளப் பார்த்தா மத்தவங்களும் வருவாங்க."

பிரிஸ்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. கத்பலோகான் பட்டணத்தில் இருக்கிற தங்கையிடம் போய்விட முடிவு செய்திருந்தாள்.

"எதைக் காப்பாத்த உக்காரணும்? அங்க என்ன இருக்கு?"

தீலா தனியாகப் போனாள். விரிக்கப் பாய் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. சேற்றில் இயந்திரத்தின் முன்னால் நின்றாள். ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். கொஞ்சநேரத்தில் மொய்செஸ் குடையோடு வந்தார்.

"மனா, வீட்டுக்குப் போங்க. வெயிலு."

"போக முடியாது கேப்டன்."

"சரி, எதுக்காக நிக்கிறீங்க, அதையாவது சொல்லுங்க. கோரை இருந்துச்சுன்னா நானே வந்து பக்கத்துல நின்னிருப்பேன். நீங்கதானே சங்கத்துத் தலைவி? எங்க மனா கோரை?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். கரையில் நின்று வேடிக்கை பார்த்த பெண்களில் ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். எல்லோரும் தன்னோடு குனிந்து உருவியவர்கள்தான். ஒருத்தியும் தன் கண்ணைப் பார்க்கவில்லை என்பதைத் தீலா கண்டாள். கொஞ்சநேரம் நின்றாள். கால் கொதித்தது. பிறகு மொய்செஸ் குடையைப் பிடிக்க, கரையேறினாள். பின்னால் எஞ்சின் உறுமியது.

இறால் குளங்களில் சேத்தோவுக்குக் காவல் வேலை கிடைத்தது. தீலா ஐஸில் கைவைத்து இறால் பிரித்தாள். கிணறுகள் உப்புக் கரித்தன. உப்பு ஏறிய கரையில் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளும் மஞ்சளித்துப் போயின. பிறகு ஒரு வருஷம் குளங்களில் நோய் விழுந்து இறால்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. முதலாளி மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வரப்புகளும் நாற்றமும் மிச்சம். இப்போது அங்கே எதுவும் முளைப்பதில்லை. குகையில் வௌவால்கள் அடைகின்றன. செபுவில் வேலைக்குச் சேர்ந்த மெலீசா ஒருநாள் போனில், "அம்மா, இங்க பெரிய கடையில தாழைப்பை விக்கிறாங்க, அதோட அட்டையில உங்க படம்தான் இருக்கு, கோரையைத் தோள்ல வச்சுக்கிட்டுச் சிரிக்கிறீங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். தீலா, "அப்படியா" என்றாள்.

போன வருஷம் தீலா பஸ் ஏறிக் கத்பலோகான் போனாள். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். துறைமுகச் சந்தையில் தங்கையின் கருவாட்டுக் கடையில் பிரிஸ்கா உட்கார்ந்திருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. ஈ விரட்டுகிற குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"வாங்க மனா. என்ன வேணும்? காரல் இருக்கு, நெத்திலி இருக்கு."

ஒரே வயதுக்காரிகள். 'வாங்க' என்றோ 'மனா' என்றோ பிரிஸ்கா அவளை அழைத்ததே இல்லை.

"பிரிஸ்கா... நான் வந்தது..."

"காரல் எடுத்துக்குங்க. நல்லாக் காய்ஞ்சது, உப்பும் மட்டா இருக்கு. நெத்திலி இந்த வாட்டி அவ்வளவு சரியில்ல."

தீலா நின்றாள். பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து விலை கேட்டான். பிரிஸ்கா அவனுக்கும் இதே குரலில், இப்போது தயங்காமல், விலை சொன்னாள். அவன் போனபிறகு தீலா பணப்பையைத் திறந்தாள்.

"சரி. காரல் குடு" என்றாள் கடைசியில்.

பிரிஸ்கா செய்தித்தாளில் வைத்து, எல்லோருக்கும் போடுவதுபோல மேலே ஒரு பிடி போட்டு, சணலால் கட்டிக் கொடுத்தாள். "பஸ்ஸுக்குன்னா அந்தச் சந்து வழியாப் போங்க, நிழலா இருக்கும்" என்றாள். தீலா அந்தச் சந்து வழியாகவே போனாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார். ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள், இறுகியிருந்தது. பொட்டலத்தை மடியில் வைத்து இரு கையாலும் மூடிக்கொண்டாள். வழியெல்லாம் மழை.

சேத்தோ அதைப் பொரித்துச் சோற்றோடு பிசைந்து தின்றான். "நல்லாருக்கே. எங்க வாங்கின?" என்றான்.

"சந்தையில" என்றாள் தீலா. அவன் தட்டில் இன்னும் ரெண்டு காரலை எடுத்து வைத்தாள்.